தொம்பையிலிருந்து தொடங்கலாம்: காவிரிப் படுகையில் இழை நிறுவல் கலைக்கு ஒரு வழிகாட்டி

திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி என்பார்கள். அதில் மரத்தேராக ஆண்டு முழுதும் நிற்பது கீழ்ப்பகுதி மட்டுமே. அதற்கு மேல் எழுவது பெரும்பாலும் மூங்கிலும் கயிறும் துணியும். தேரோட்டத்துக்கு முன் அந்தத் துணிகள் ஏறுகின்றன. திருவிழா முடிந்ததும் அவிழ்க்கப்பட்டு, மடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கின்றன. தேரின் மூலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தொங்கும் தொம்பைகளையும் அப்படியே பார்க்க வேண்டும். வளையங்களில் உருளையாகத் தைக்கப்பட்டு, காற்றில் அசைந்து, மக்கள் கீழே நடந்து கடக்கும்படி தொங்கும் அந்தத் துணி, ஓர் இடத்தையே மாற்றிவிடுகிறது. இழையையும் துணியையும் கொண்டு ஓர் இடத்தை நிரப்பி, பார்ப்பவர் அதற்குள் நடக்கும்படி அமைப்பதைத்தான் இன்று கலையுலகம் நிறுவல் கலை என்கிறது. எனவே தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இந்தக் கலைக்குப் புதிதாக வருபவர் யாரும் தொலைவிலிருந்து எதையோ கற்றுவரப் போவதாக எண்ண வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை, இதுவரை ஒரு படைப்பும் செய்யாத ஒருவர், தம் முதல் இழைப் படைப்பைச் செய்து, தொங்கவிட்டு, பிறருக்குக் காட்டி, பத்திரமாக இறக்கிவைப்பது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது.

உலக அளவில் இக்கலை வந்த வழியை ஓரளவு தெரிந்துகொள்வது பயன் தரும். போலந்தின் மக்டலேனா அபகனோவிச் 1960களில் நெசவைச் சுவரிலிருந்து எடுத்து அறையின் நடுவே பேருருவங்களாகத் தொங்கவிட்டார். ஜப்பானில் பிறந்த சிஹாரு ஷியோடா அறை முழுவதையும் நூல் வலையால் நிரப்புகிறார். 2015 வெனிஸ் பினாலேயில் (ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக்காட்சி) ஜப்பான் அரங்கில் அவர் செய்தது, சிவப்பு நூலில் ஏராளமான சாவிகள் தொங்கிய படைப்பு. நமக்கு மிக நெருக்கமானவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). பரோடாவில் கே. ஜி. சுப்ரமணியனிடம் பயின்ற அவர், தறியே இல்லாமல், கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டே ஆளுயர உருவங்களை எழுப்பினார். தறி வாங்கப் பணமில்லை, நெசவு தெரியாது என்று தயங்குபவர்கள் அவருடைய படைப்புகளின் படங்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இடம், பிறகு உருவம்

புதியவர்கள் பெரும்பாலும் மனத்தில் ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு அதற்கு இடம் தேடுகிறார்கள். எதிர்த்திசையில் செல்லுமாறு நான் வலியுறுத்துவேன். முதல் படைப்புக்கு, உங்களால் ஒரு மாதம் தொடர்ந்து போய்ப் பார்க்கக்கூடிய ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய வீட்டின் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், ஓடாத ரைஸ் மில்லின் களக்கொட்டகை, பள்ளிக்கூடத்தின் கூட்ட அறை, ஊர்ப் பொதுக் கட்டடம் ஆகிய எதுவும் போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களையும் கோயில் மண்டபங்களையும் முதல் முயற்சிக்குக் கேட்காதீர்கள். அங்கு அனுமதி பெறும் நடைமுறை நீண்டது, சுவரிலோ தூணிலோ ஓர் ஆணிகூட அடிக்க இயலாது, அடிக்கவும் கூடாது.

அந்த இடத்துக்கு மூன்று வேளைகளில் செல்ல வேண்டும்: விடியற்காலை, நண்பகல், விளக்கு வைத்த பின். வெளிச்சம் எந்தச் சன்னல் வழியாக வந்து எங்கு விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மழைச்சாரல் எதுவரை வருகிறது, வௌவாலும் எலியும் உண்டா என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே பாருங்கள். நாட்டோட்டு வீட்டில், கூரையைத் தாங்கும் பருத்த உத்திரமும், அதன்மேல் சாய்வாக ஓடும் மெல்லிய கைமரமும் இருக்கும். கைமரத்தில் கனம் தொங்கவிடக் கூடாது. உத்திரத்தில் தொங்கவிடலாம், ஆனால் அதைக் கரையான் தின்றிருக்கிறதா என்று கத்தி முனையால் குத்திப் பார்த்த பிறகே. கான்கிரீட் கூரையானால் ஏற்கெனவே பதித்திருக்கும் மின்விசிறிக் கொக்கிகளே எளிய தொடக்கம்.

இந்தக் கட்டத்தில் நீங்கள் தேட வேண்டிய ஆசிரியர் உங்கள் ஊர்ப் பந்தல்காரர். சாரம் கட்டுவது, மூங்கிலைத் தேர்வது, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்ப்பது, இறுகும்படியும் பின்னர் ஒரே இழுப்பில் அவிழும்படியும் உருவாஞ்சுருக்குப் போடுவது ஆகியவை அவருக்குக் கைவந்தவை. கலைக்கல்லூரியில் நான் கற்காத பலவற்றை, ஒரு கல்யாணப் பந்தல் எழும்பும் இரண்டு நாளில் உடனிருந்து கற்றேன். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உங்கள் இடத்தைக் காட்டுங்கள். எங்கு கட்டலாம், எங்கு கூடாது என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

இழையைத் தேர்தல்

இழைகளின் இயல்பைக் கையால் அறியாமல் உருவம் வரையத் தொடங்குவது வீண். நம் பகுதியில் கிடைப்பவற்றைச் சொல்கிறேன்.

பருத்தி நூல் எங்கும் கிடைக்கும். நூலின் பருமனை நம்பரால் குறிப்பார்கள். நம்பர் கூடக்கூட நூல் மெலிந்துகொண்டே போகும். 20ஆம் நம்பர் ஒற்றை நூல் ஒரு கிலோ வாங்கினால் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளம் இருக்கும். அதையே இரட்டையாக முறுக்கிய 2/20 நூலானால் அதில் பாதி, ஏறத்தாழ 17 கிலோமீட்டர். இக்கணக்கு ஏன் வேண்டும் என்றால், மூன்று மீட்டர் அகலமுள்ள ஓர் அறையின் குறுக்கே அந்த 2/20 நூலை இழுத்து இழுத்துக் கட்டினால், ஒரு கிலோவிலேயே 5,600 இழைகள் வரும். நிமிடத்துக்கு இரண்டு இழை கட்டுவதாக வைத்துக்கொண்டாலும் 46 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நூல் வாங்குவது எளிது. கட்டும் கைகளும் நாட்களும்தான் இக்கலையில் உண்மையான செலவு. திட்டமிடும்போது பொருளின் விலையை மட்டும் எழுதி, உழைக்கும் நாட்களை எழுதாமல் விட்டு ஏமாறாதீர்கள்.

பட்டுக்குத் திருபுவனம், கும்பகோணம், தாராசுரம், அய்யம்பேட்டை எனத் தறிகள் இருக்கும் ஊர்கள் பல. நல்ல பட்டு வாங்கி நிறுவலுக்குப் பயன்படுத்துவதைவிட, தறியிலிருந்து புடவையை அறுத்தெடுத்த பின் தறியின் அச்சிலும் விழுதிலும் எஞ்சும் பாவு (நீளவாட்டு இழை) முனைகளை நெசவாளரிடம் கேட்டு விலைக்கு வாங்குவது சிறந்தது. முழம் அளவுக்குக் குறைவான துண்டு இழைகளானாலும் நிறமும் பளபளப்பும் குறைவதில்லை. அவற்றை இலவசமாகக் கேட்காதீர்கள்; அவருக்கு அது கழிவாக இருந்தாலும் உங்களுக்கு அது பொருள்.

தென்னை நாரும் கயிறும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கின்றன. தென்னை நாரில், நாருக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதி. அதனால் உப்புக்காற்றையும் ஈரத்தையும் மற்ற நார்களைவிட நன்றாகத் தாங்கும். கடற்கரையோரம், திறந்த வெளியில் ஏதாவது செய்ய விரும்புபவர் இதிலேயே தொடங்கலாம். கைக்குச் சொரசொரப்பானது என்பதால் கையுறை வேண்டும்.

கோரை, காய்ந்த நிலையில் மடித்தால் ஒடியும்; தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து எடுத்தால் வளையும். கொள்ளிடத்தை அடுத்த தைக்காலில் பாய்த் தொழிலும் பிரம்பு வேலையும் செய்பவர்களைப் பார்க்கலாம். பாய்த்தறியில் கோரை ஊடையாக, அதாவது குறுக்கு இழையாக, எப்படிச் செல்கிறது என்பதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், பிறகு உங்கள் வீட்டுச் சட்டத்திலேயே முயலலாம். வாழை நார், பூக்கட்டுபவரின் நார்தான். ஈரமாக இருக்கும்போது இணங்கும், காய்ந்தால் விறைக்கும். இயந்திரத்தில் பிரித்த நார் நீளமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த நார் குறித்தும் ஆய்வு செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பொருள் வைக்கோல் பிரி. கட்டுக் கட்டவும் நெல் சேமிக்கும் கோட்டை கட்டவும் நம் வீடுகளில் திரித்த அதே பிரிதான். இதற்குத் தையிலும் மாசியிலும் அறுக்கும் சம்பா, தாளடி வைக்கோலே ஏற்றது; குறுவை வைக்கோல் அறுவடையிலேயே மழை பட்டுக் கறுத்துவிடும். பிரி திரிக்க இருவர் வேண்டும். ஒருவர் வைக்கோலை ஊட்டிக்கொண்டே வர, மற்றவர் கவையை (கவைக் குச்சியை) சுழற்றியபடி பின்னோக்கி நடக்க வேண்டும். வயதான விவசாயத் தொழிலாளர்கள் பலருக்கு இன்னும் அந்தக் கை மறக்கவில்லை. தெரிந்தவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினக் கடற்கரையில் கைவிடப்பட்ட மீன்வலைகளும் கிடைக்கும். அவற்றைக் கழுவி, உப்பு நீக்கிக் காயவைத்தால் மிக நல்ல பின்புலம் ஆகும். வலை பழுதுபார்ப்பவரிடம் கண்ணி போடக் கற்றுக்கொண்டால், எந்த அளவுக்கும் வலை பின்னலாம்.

கை பழகுதல்: மூன்று சிறு பயிற்சிகள்

முதலில் இரண்டடிக்கு மூன்றடி மரச்சட்டம் ஒன்று செய்து, மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஆணி அடித்து, பருத்திக் கயிற்றைப் பாவாக இழுத்துக் கட்டுங்கள். அதில் கோரை, வாழை நார், கிழித்த பழம்புடவை, தென்னங்கயிறு என ஒவ்வொன்றையும் ஒரு சாண் அளவுக்கு ஊடையாகக் கொடுத்து நெய்து பாருங்கள். எது எவ்வளவு இறுகுகிறது, எது உப்புகிறது, எது நழுவுகிறது என்பது ஒரே சட்டத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கயிறு முறுக்குதல். இரண்டு புரிகளையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கி, பின் இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாக முறுக்கினால் கயிறு தானே பிரியாமல் நிற்கும். இரண்டு முறுக்கும் ஒரே பக்கமாக இருந்தால், கையை விட்டதும் அவிழ்ந்துவிடும். இந்த எதிர்முறுக்கே கயிற்றின் முழு இரகசியம். வலம்புரி, இடம்புரி என்ற சொற்களைச் சங்குக்கு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். கயிற்றுக்கும் அவை பொருந்தும்.

மூன்றாவது, ஒரு சிறு தொம்பை. முக்கால் அடி விட்டமுள்ள இரண்டு பிரம்பு வளையங்களும் மூன்றடித் துணியும் எடுத்து உருளையாகத் தையுங்கள். அதன்மேல் வேறு நிறத் துணித்துண்டுகளை வெட்டி ஒட்டுத்தையலாகப் பதியுங்கள். தட்டையான துணி கனபரிமாணம் பெறும் அந்தக் கணத்தைக் கையால் உணர்வதற்கு இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

சாயம்

கடைச்சாயம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இயற்கைச் சாயம் கற்க விரும்புபவருக்கு நம் பகுதியில் மரபு வளமாக இருக்கிறது. கும்பகோணத்தை ஒட்டிய சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கொள்ளிடக்கரைக் கருப்பூரிலும் கோயில்களுக்கான தொம்பை, மேற்கட்டி முதலியவற்றில் கலம்காரி என்னும் துணிச்சாய ஓவியம் வரையும் மரபு தொடர்கிறது. கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தியை முதலில் கடுக்காய் ஊறிய நீரில் தோய்த்துக் காயவைத்து, பின் படிகாரக் கரைசலில் தோய்த்தால்தான் பெரும்பாலான செடிச்சாயங்கள் பிடிக்கும். சோழமண்டலக் கரையின் பழைய சிவப்புக்குச் சாயவேர் பயன்பட்டது. இம்பூறல் என்ற பெயரில் நாட்டு மருந்துக்கடைகளில் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். மஞ்சள் சாயம் வெயிலில் சில வாரங்களிலேயே வெளுக்கும்; அவுரி நீலம் நிற்கும். இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய கருஞ்சாயம் அழகான கறுப்பைத் தரும், ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல அது பட்ட இடத்தில் துணி இற்றுப்போகும்; எனவே எடையைத் தாங்கும் பகுதியில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஈரம்: இந்தப் படுகையில் மறக்கக் கூடாத ஒன்று

என் முதல் பெரிய படைப்பை ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் புரட்டாசிக் கடைசியில் கட்டினேன். நாற்பது சணல் கயிறுகளைத் தூணுக்குத் தூண் வீணைத் தந்திபோல் இறுக்கி இழுத்துக் கட்டியிருந்தேன். பார்த்தவர்கள் அந்த நேர்த்தியைப் பாராட்டினார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரே இரவில் கயிறுகள் சுருங்கி, ஒரு மரத்தூணின் போதிகையில் (தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை) பதித்திருந்த கொக்கியைப் பெயர்த்துக்கொண்டு, படைப்பில் பாதி கீழே கிடந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. போதிகையைச் சரிசெய்ய நான் தச்சரை அழைத்துவந்தபோது, கிணற்றுக் கயிறு நனைந்தால் குறையும் என்பது உனக்குத் தெரியாதா தம்பி என்று மட்டும் கேட்டார்கள்.

காரணம் எளிது. நீரை உறிஞ்சிய இழை குறுக்குவாட்டில் பருக்கிறது. பருத்ததும் முறுக்கின் ஒவ்வொரு சுற்றும் அகலமாகிறது. அந்த அகலத்துக்கு வேண்டிய நீளம் கயிற்றின் நீளத்திலிருந்தே போகிறது. எனவே முறுக்கிய இயற்கைக் கயிறு நனைந்தால் நீளம் குறையும், காய்ந்தால் தளரும். மழை நேரே படாத அறையிலும் ஈரம் உண்டு. மிதமான காற்றிலேயே பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடும், பட்டு 11 விழுக்காடும், சணல் 13.75 விழுக்காடும் ஈரத்தைக் கொண்டிருக்கும் என்பது நூல் வணிகம் ஏற்றுக்கொண்ட அளவு. மார்கழிப் பனியில் இது இன்னும் கூடும்.

ஆகவே மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள். கயிற்றை எப்போதும் சிறிது தொய்வுடன் கட்டுங்கள்; இறுக்கமாகத் தோன்ற வேண்டுமானால் ஒரு முனையைக் கப்பி வழியாக விட்டு அதில் ஒரு கல்லையோ மணற்பையையோ தொங்கவிடுங்கள், கயிறு சுருங்கினால் எடை மேலேறும், தளர்ந்தால் கீழிறங்கும், இழுவிசை மாறாது. இரண்டாவது, நெய்யவோ முடிச்சிடவோ போகும் கயிற்றை முன்னதாகவே நனைத்து, நிழலில் காயவைத்து, ஒருமுறை சுருங்கவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். மூன்றாவது, ஓர் அடிச் சதுர மாதிரித் துண்டு செய்து, அதே இடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டு, காலையிலும் பிற்பகலிலும் அதன் எடையையும் நீளத்தையும் குறித்துப் பாருங்கள். ஏழு நாள் குறிப்பு, பின்னால் வரும் பெரிய இழப்பைத் தடுக்கும்.

காட்சிக்கு உகந்த காலம் தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை. மழையும் கடும்பனியும் ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் உச்சத்துக்கு வந்திருக்காது, வைக்கோலும் புதிதாகக் கிடைக்கும்.

எடைக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நான்கு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பன்னிரண்டு காடாத் துணிகளைத் தொங்கவிடப் போகிறீர்கள். அந்தத் துணி சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று வையுங்கள். ஒரு துணிக்கு 600 கிராம், பன்னிரண்டுக்கும் 7.2 கிலோ. தீத்தடுப்புக் கரைசல் ஏறியதற்கும் ஈரத்துக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. தாங்கும் மூங்கில்களும் கயிறுகளும் ஆறேகால் கிலோ. ஆக மொத்தம் ஏறத்தாழ 15 கிலோ. மக்கள் தலைக்கு மேல் தொங்கும் எதற்கும் ஐந்து மடங்கு தாங்குதிறன் வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டால், மேலுள்ள தாங்கிகள் 75 கிலோவைத் தாங்க வேண்டும். நான்கு கொக்கிகள் இருந்தாலும் நான்காக வகுத்துத் திருப்தி அடையாதீர்கள். ஒன்று பெயர்ந்தால் மற்ற மூன்றும் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும். ஏற்றும் முன் அந்த 75 கிலோ எடைக்கு மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் தொங்கவிடப் பலர் தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் இழை) நாடுகிறார்கள். இலேசான பொருளுக்கு அது சரி. கனம் கூடினால் நாளடைவில் அது நீளும், முடிச்சும் வழுக்கும். கனத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பிக் கயிறே தக்கது. என் கருத்தில், கட்டியிருக்கும் கயிறு வெளியே தெரிவதால் எந்தப் படைப்பும் தாழ்ந்துபோவதில்லை. தேரில் எல்லாக் கட்டும் தெரிகிறது.

தீ

2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இந்த மண்ணில் வைக்கோலையும் நாரையும் துணியையும் மனிதர் தலைக்கு மேல் தொங்கவிடும் எவருக்கும் அந்த நாள் நினைவில் இருக்க வேண்டும். தீப்பாதுகாப்பைக் கடைசி வேலையாகத் தள்ளிவைக்காதீர்கள்.

பருத்தி, சணல், வைக்கோல் ஆகியவற்றுக்கு வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசல் எளிய பாதுகாப்பு. இரண்டு லிட்டர் வெந்நீருக்கு 200 கிராம் வெண்காரமும் 85 கிராம் போரிக் அமிலமும் என்ற அளவில் கரைத்து, துணி முழுதும் ஊறும்படி தோய்த்து, பிழியாமல் நிழலில் காயவிட வேண்டும். கையுறை அணியுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். இது நீரில் கரைந்து போய்விடும் என்பதால் மழைபடும் இடத்துக்கு உதவாது. துவைத்தால் மீண்டும் தோய்க்க வேண்டும். மஞ்சளில் சாயமிட்ட துணி இக்கரைசலில் செம்பழுப்பாக மாறும். ஆரத்தியில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அதனால் முதலில் ஒரு துண்டில் சோதியுங்கள். பட்டுத்துணியைத் தோய்க்க வேண்டாம். அதை விளக்கிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள்.

காய்ந்த பின், அரை அங்குல அகலமும் நான்கு அங்குல நீளமும் கொண்ட ஒரு கீற்றை வெட்டி, வெட்டவெளியில் இடுக்கியால் பிடித்து, கீழ்முனையில் 12 விநாடி தீக்குச்சிச் சுடரைக் காட்டுங்கள். சுடரை எடுத்தபின் இரண்டு விநாடிக்குள் அணைய வேண்டும்; எரிந்த துளி கீழே விழுந்து எரியக் கூடாது. அணையாவிட்டால் மறுபடி தோய்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், அறையில் இரண்டு வழிகள் திறந்திருக்க வேண்டும், தீயணைப்பான் ஒன்று கைக்கெட்ட வேண்டும், திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கைப் படைப்பு இருக்கும் அறைக்கு வெளியேதான் ஏற்ற வேண்டும். இந்தக் கடைசி விதிக்காக நான் ஒரு விழாக் குழுவுடன் நீண்ட நேரம் வாதிட நேர்ந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடியும் வாதிடுவேன்.

ஏற்றுதலும் காட்டுதலும்

ஏற்றும் முன், பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையால் அறையையும் நூலால் படைப்பையும் செய்து பாருங்கள். ஒரு மீட்டருக்குக் குறையாத நடைவழி வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் உள்ளே செல்ல முடிய வேண்டும். நடைவழியில் தொங்குபவை, தொட வேண்டும் என்றே நீங்கள் அமைத்தவை தவிர, ஏழடிக்குக் கீழே வரலாகாது.

வெளிச்சம் பற்றி ஒரு செய்தி. அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவை உச்சவரம்பாகக் கொள்கின்றன. ஒரு வாரக் காட்சிக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை என்றாலும், நேர்வெயில் படும் சன்னலை மறைத்துவிடுங்கள். எல்.இ.டி. விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து வீசினால் முறுக்கும் முடிச்சும் எழுந்து தெரியும். நேர் எதிரிலிருந்து வீசினால் எல்லாம் தட்டையாகிவிடும்.

மக்கள் தொடுவார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தே வாங்கிப் பழகிய கை நம்முடையது; தொடாதீர் என்று பலகை வைப்பதால் பயனில்லை. அதே இழைகளில் செய்த ஒரு மாதிரித் துண்டை வாசலில் வைத்து, இதைத் தொட்டுப் பாருங்கள் என்று எழுதுங்கள். பெயரட்டையில் தலைப்பு, ஆண்டு, பொருட்கள், அளவு ஆகியவற்றோடு, நெய்தவர், பிரி திரித்தவர், பந்தல் கட்டியவர் பெயர்களையும் அவர்கள் சம்மதத்துடன் எழுதுங்கள். அவர்கள் கூலிக்கு வேலை செய்தவர்கள்தானே என்று சிலர் கேட்பார்கள். கூலியும் கொடுக்க வேண்டும், பெயரும் எழுத வேண்டும்.

முதல் படைப்பை ஊரில் காட்டியபின், அடுத்ததற்கு வெளியே விண்ணப்பிக்கலாம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி, தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையம், சென்னையிலுள்ள லலித் கலா அகாதமி மண்டல மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள். கலைக்கல்லூரி மாணவர்களுக்கு, 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயின் ஒரு பகுதியாக மாணவர் பினாலேயும் நடக்கிறது. விண்ணப்பத்தில் கருத்து விளக்கம் அரைப்பக்கம் போதும். மீதி அரைப்பக்கத்தில் மொத்த எடை, தொங்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, தீத்தடுப்பு செய்த முறை, ஏற்றவும் இறக்கவும் தேவைப்படும் நாட்கள் ஆகியவற்றை எழுதி, சிறுமாதிரியின் படத்தையும் இணையுங்கள். இடத்துக்குப் பொறுப்பானவர் முதலில் தேடுவது இந்த விவரங்களைத்தான்.

இறக்கி வைத்தல்

ஏற்றும்போதே ஒவ்வொரு கட்டையும் எண்ணிட்டுப் படமெடுத்து வைத்திருந்தால் இறக்குவது ஒரு நாள் வேலை. இறக்கிய துணியை மடிக்காமல் குழாயில் சுருட்டி, கஞ்சியில்லாத வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் நெடுநாள் அடைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பழைய வழி. அவை ஓரளவு விரட்டும், முட்டையை அழிக்காது. சிறு துண்டுகளானால் காற்றுப் புகாத பையில் கட்டி, −20 டிகிரி அளவுக்குக் குளிரும் உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தெடுத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். பையை வெளியே எடுத்தபின், அறைச்சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் பிரிக்காமல் வைத்திருங்கள்.

வைக்கோல் பிரியை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரைசலில் தோய்க்காத பிரியானால் அவிழ்த்து மாட்டுக்குப் போடலாம். வெண்காரம் ஏறியதை மாட்டுக்கும் போடக்கூடாது, எருக்குழியிலும் சேர்க்கக்கூடாது. மிகுதியான போரான் பயிரைக் கெடுக்கும். அதைச் சுருணையாகச் சுற்றி, தரையில் படாமல் பரணில் ஏற்றி, அடுத்த படைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும் முன் மறுபடி ஒரு கீற்றை எடுத்துத் தீக்குச்சிச் சோதனை செய்துவிடுங்கள்.